புளித்துப்போன சாணக் குழி

சாண எரிவாயுக் குழி கட்டியவர்களுக்குத் தெரியும்: கட்டி முடிக்க ஒரு மாதம், அது எரிகிறதா என்று ஓடி ஓடிப் பார்க்க மிச்ச காலமெல்லாம். என்னோடு சேர்ந்து குழி கட்டும் கொத்தனார் மாரப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அப்படி ஓடிய ஒரு நாளில்தான். எடப்பாடிக்குத் தெற்கே செங்கோடன் தோட்டத்தில், எரியாத குழியின் விளிம்பில் உட்கார்ந்து, பற்றவைக்காத பீடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தீனி

பால் கூட வேண்டுமென்றால் மாட்டுக்குத் தீனி கூட்டுகிறவர் செங்கோடன். குழிக்கும் கூட்டினார். சாணத்தோடு குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் தோல், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் மாவுத்தண்ணீர், குடம் குடமாக. வாயு நின்று, அதைப் பிடித்துவைத்துக் கரைசல்மேல் மிதந்த இரும்பு டிரம் கீழே இறங்கிவிட்டது. கிட்டப் போனால் காடி வாடை. வெள்ளிக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஏனுங்க, எம்புள்ளைய உட அடுப்புல எரியற அந்த நீல நெருப்பத்தானுங்க அவிய பாக்க வாராங்க!"

காடி

பயிற்சி வகுப்பில் கொடுத்த புத்தகத்தை, என் மனைவி இருந்தபோது அவள் துணையோடு எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். காற்றில்லாத இடத்தில்தான் அந்தக் கிருமிகள் பிழைக்கும். சில கிருமிகள் தீனியைப் புளிக்கவைக்கும். சில, நாம் மூச்சில் விடுகிற கரியமில வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து அசிட்டேட் ஆக்கும். காடியில் இருப்பதும் அதுதான். வேறு சில அதைத் தின்று எரிகிற வாயுவை விடும். தின்கிறவை மெதுவாகத்தான் தின்னும். அள்ளிக் கொட்டினால் புளிப்பு தங்கிவிடும்.

"மூச்சுக்காத்துல காடியா? என்ற மாடு நாள் பூரா மூச்சு உடுதுங்க, பாலு புளிக்கக் காணமே!" என்றார் செங்கோடன்.

தீனியை நிறுத்தி, சுண்ணாம்பு போட்டு, இருபது நாள் சும்மா விடுங்கள் என்றேன். மாரப்பன் சிரித்தான்.

"புஸ்தகத்துக்காவ வெள்ளிக்கெழம தள்ளிப் போவுமாண்ணா?"

ஏணி

சுண்ணாம்பு வாங்க சைக்கிளில் போனேன். குழிக்குள் இறங்காதே, உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது என்று சொல்லவில்லை; இறங்குவான் என்று தோன்றவில்லை. நான் போனதும் டிரம்மைத் தூக்கி, பாதிக் கரைசலை இறைத்து, அடியில் கிடந்த தோலை அள்ள அவன் இறங்கியிருக்கிறான். மூட்டையோடு நான் திரும்பியபோது கயிறு கட்டி அவனை மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். உயிர் இல்லை. செங்கோடன் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மூணாம் படி வரைக்கும் பேசிட்டேதானுங்க எறங்குனான்."

அன்றே டிரம்மை மிச்சக் கரைசல்மேல் இறக்கிவிட்டார்கள். யாரும் தீனி போடவில்லை, யாரும் கிட்டப் போகவில்லை, பதினெட்டாம் நாள் அது தானாக மேலே ஏறி நின்றது.