விளக்கு வைப்பதற்குள்

காமாட்சி விளக்கைப் பஞ்சாலை புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மறுபடி சிணுங்கியது. இடம் நிறைந்துவிட்டதாம். தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்கு. வேலை முடித்த படத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கு அனுப்ப முடியாமல் வாரம் முழுக்க ஏச்சு.

கையைத் துடைத்துக்கொண்டு அழிக்க உட்கார்ந்தாள். காலை வணக்கப் பூக்கள், யார் யாருடையவோ பிறந்தநாள் கேக்குகள் எல்லாம் போயின. அப்படியும் நிறைந்தே இருந்தது. இன்னும் தள்ளினால் மகள் மோகனாவின் படங்கள். கன்னிப்போன மேல்கை. கழுத்தில் விரல் தடம். வீங்கிய உதடு.

மாப்பிள்ளை ராமகிருஷ்ணன் தினமும் மோகனாவின் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பான். அதனால் சிரம்பானிலிருந்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் அழித்துவிடுவாள். "வச்சிரும்மா, ஒருநாள் வேணும். உன் ஃபோன்ல இருக்கிறதெல்லாம் மேல கிளவுட்ல ஏறிக்கும்."

போன வாரம் திருவிழாப் படம் பார்க்க வாங்கிய அடுத்த வீட்டு வள்ளிநாயகியின் விரல் கன்னிப்போன கைப் படத்தில் போய் நின்றுவிட்டது. "யாரு கைடி இது?"

"ஏதோ வாட்சப்ல வந்துச்சு லா" என்று பஞ்சாலை பிடுங்கிக்கொண்டாள்.

மேலேதான் இருக்கிறதே, கீழே எதற்கு? பரணில் போட்ட அண்டா மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிப் படம் போனதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

கடைக்காரன் மலாயில் அமைத்துக் கொடுத்த கைப்பேசி அது. அழித்ததெல்லாம் 'சம்பா' என்ற குப்பைத் தொட்டியில் கிடக்கிறது, கொட்டட்டுமா என்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கு வைத்த பிறகு குப்பை கொட்டினால் லட்சுமி தங்கமாட்டாள். அவசரமாகக் கொட்டச் சொல்லி அழுத்திவிட்டு, எழுந்து விளக்கேற்றினாள்.

திரி எரிந்துகொண்டிருக்கும்போதே மோகனா துணிப்பையோடு வந்து நின்றாள்.

"இனி அங்க போகமாட்டேம்மா. நாளைக்குப் போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் போடப்போறேன். ஃபோனக் குடு."

தேடினாள். மோகனா மறுபடி தேடினாள். "படமெல்லாம் எங்கம்மா?"

"எடமில்லன்னு அழிச்சேன். மேல இருக்கும்ல?"

"கீழ அழிச்சா மேலயும் போயிரும்மா!" பழைய வாட்சப் செய்திகளைத் திறந்தாள். மங்கலான கட்டங்கள் மட்டும் இருந்தன, தொட்டால் திறக்கவில்லை. "சரி, சம்பாவுல கெடக்கும், எடுத்துரலாம்."

"கொட்டிட்டேன்."

"எப்ப?"

"விளக்கு வைக்கிறதுக்கு முந்தி."

மோகனா விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல வேல செஞ்சம்மா. லட்சுமி வீட்லயே இருப்பா." பிறகு சிரிப்பு நின்றது. "எடமில்லன்னு அழிச்சியா, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு அழிச்சியா?"

எண்ணெய்க் கையைப் பஞ்சாலை முந்தானையில் துடைத்தாள். இடமில்லாமல்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். பாரம் இறங்கிய அந்த நிமிஷம் நினைவுக்கு வர, குனிந்து திரியைத் தூண்டிவிட்டாள்.

மோகனா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.