கடைசியாகக் கை நனைத்தவள்

காலை ஐந்தே முக்கால். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தின் திறந்த கால்வாய் ஓரம் உட்கார்ந்திருந்த என் தங்கை கோமதி எழுந்து நின்று, அழாமல், கீழே விரலைக் காட்டினாள். வெளுத்துப்போன மண்புழு போல ஒன்று அங்கே நெளிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பத்து. குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு ரூபி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சி வெச்சிகீது. வெல்லத்த துன்னுகினே இருந்தா வேற இன்னா ஆவும்?" என்றார்.

எங்கள் தெருவில் அதற்கு "வவுத்துப் பூச்சி" என்று பெயர். காரணம் இனிப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மா அன்றைக்கே வெல்லத்தை நிறுத்தினார், பிறகு வாழைப்பழத்தை, கடைசியில் வெல்லம் கலந்திருக்கிறது என்று பால்வாடியில் தந்த சத்துமாவு உருண்டையையும். பூச்சியைப் பட்டினி போடுவதாக நினைத்துக் குழந்தையைப் பட்டினி போட்டோம். கோமதியின் கால்கள் குச்சியாகி வயிறு மட்டும் முன்னே வந்தது. சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். பால்வாடியில் கொடுத்த மாத்திரைக்குப் பூச்சி விழுந்தது, சில மாதங்களில் மறுபடி வந்தது. இப்படியே இளைத்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பால்வாடி டீச்சர் சொன்ன பிறகுதான் அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

சாப்பிடுமுன் கை கழுவும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா இப்டி கேட்டுட்டீங்க? கைய கய்வாம எங்கூட்ல ஒருத்தரும் சோத்துல கை வெக்க மாட்டாங்க. ஒரு குண்டான் தண்ணி முன்னால வெச்சிருவேன்."

"ஒரே குண்டானா? எல்லாரும் அதுலயேவா?"

"பின்ன? லாரித் தண்ணிம்மா."

"யார் முதல்ல?"

"அவங்க நைனாதான்."

"இவ?"

அம்மா கோமதியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

குடத்துத் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்த எங்கள் சந்தில் கை கழுவுவது என்றால் குண்டானில் கையை முக்கி எடுப்பதுதான், அதிலும் வயதுப்படி: துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வரும் நைனா முதலில், பிறகு அம்மா, பிறகு தெருவெல்லாம் ஆடிவிட்டு வரும் நான், கடைசியில் கோமதி. அவள் கையை நனைக்கும்போது தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும். பூச்சியின் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணிலும் நக இடுக்கிலும் இருந்து வாய்வழியே உள்ளே போகின்றன, வெல்லத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கிய டாக்டர், வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எழுதினார். "பிள்ளைக்கு வேர்க்கடலை, வெல்லம், கீரை எல்லாம் குடுங்க. சோப்புப் போட்டு, தண்ணிய ஊத்திக் கழுவுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலி சமையல் எண்ணெய் கேனில் காய்ச்சிய ஆணியால் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, குச்சியைச் செதுக்கி அடைத்து, கதவோரம் தொங்கவிட்டார். குச்சியைப் பிடுங்கினால் நூலாகத் தண்ணீர் வந்தது.

"லாரியே வர்ல, இவ வூட்ல கொயாய் வெச்சிகிறா பாரு!" என்று ரூபி அக்கா சிரித்தார்.

அன்று மாலை நைனா வழக்கம்போலக் கையை நீட்டியபோது அம்மா தடுத்தார். "இருய்யா. மொதல்ல அவ கய்வட்டும், அப்பால நீ."

"அடேங்கப்பா! இனிமே எனக்கு டோக்கனா?" என்றபடி நைனா, மூட்டை தூக்கிய தோளோடு, மகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

மழைக்காலம் வந்தபோது கோமதி சுண்ணாம்பை மறந்திருந்தாள். தட்டைத் தட்டி "இன்னும் போடு" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். ரூபி அக்கா ஒருநாள் தன் வீட்டுக் கேனோடு வந்து, "இதுக்கும் ஒரு ஓட்ட போட்டுக் குடும்மா, எங்கூட்டு வாலுப் புள்ளயும் பின்னால சொறிஞ்சிகினே கீது," என்றார். அந்த வருடம் சந்தின் பல கதவுகளில் கேன் தொங்கியது.

சமீபத்தில் அங்கே போயிருந்தேன். கால்வாயை சிமெண்டுப் பலகைகள் மூடியிருக்கின்றன, வீடுகளுக்குள் கழிப்பறையும் குழாயும் வந்துவிட்டன, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. கேன் எதையும் காணோம். பூச்சி மாத்திரை தரும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் அதை மிட்டாய் போல மென்று, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடுகிறார்கள்.

கோமதி இப்போது பெரம்பூரில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் உயரம்.