ஒரே கம்பியில் ஏழு பேர்

ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு முன்னறையை ஒரு பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் நெட்வேர்க் பற்றி ஆரம்ப வகுப்பு எடுக்கிறாள். நல்ல பிள்ளை, குரல்தான் கொஞ்சம் பெரிசு. நான் ஒட்டுக்கேட்பதில்லை. அந்த அறைக்கும் என் குசினிக்கும் நடுவில் வெறும் பலகைதான் இருக்கிறது. வெங்காயம் உரிக்கிறவளின் காதில் வந்து விழுந்தால் அது என் குற்றமா?

போன கிழமை ஹப் என்று ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய காலத்து ஏற்பாடாம். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினால், அந்தப் பெட்டி அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். செய்தியின் தலையில் விலாசம் இருக்கும். "ஆருடைய விலாசமோ அது மட்டும்தான் எடுக்கும். மற்றதெல்லாம் தனக்கில்லை எண்டு விட்டிடும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை, துப்ப வேண்டும் போல வருகிற சிரிப்பு. தனக்கில்லை என்று விட்டுவிடுமாம். மெசினுக்கு இருக்கிற மானம் மரியாதை எங்கள் ஆட்களுக்கு இருக்கவில்லையே என்று நினைத்தேன். உடனே அந்த நாற்றம் மூக்கில் அடித்தது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? பழைய கறுப்பு டெலிபோனின் வாய்ப்பக்கத்தை என்றைக்காவது முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? வெற்றிலை, சுருட்டு, நேற்றைய வெங்காயச் சம்பல், அதற்கு மேல் காய்ந்துபோன எச்சில். காலையில் வேலைக்கு வந்தவுடன் ஓடிக்கொலோன் தொட்ட துணியால் துடைப்பேன். பத்து மணிக்குள் பழையபடி நாறும். பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஓடிக்கொலோன் கேட்ட குமரி என்று வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு கந்தோரில் டெலிபோன் பார்க்கிற வேலை எனக்கு. வெளியூருக்குப் பேச ஒரு போன் தனியாக இருந்தது. உள்ளுக்குப் பேச ஒரே ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஏழு போன்கள்: என் மேசை, அடுத்த அறையில் சீஃப் கிளாக், பிறகு கேற், ஸ்டோர், வேர்க்‌ஷொப், பெற்றோல் கொட்டில், கடைசியாக, கப்பல் கட்டுகிற ஜெற்றி முனையில் இருந்த வின்ச் கொட்டில். பக்கத்தில் ஒரு கைபிடி, அதைச் சுற்றினால் ஏழும் சேர்ந்து அடிக்கும். ஆருக்கென்று எப்படித் தெரியும்? அடிக்கிற விதத்தில்தான். சீஃப் கிளாக்குக்கு ஒரு நீளம். ஸ்டோருக்கு இரண்டு நீளம். ஜெற்றிக்கு இரண்டு நீளம், ஒரு கட்டை. அந்தப் பிள்ளை சொல்கிற விலாசம் இதுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுற்றினால் ஒன்றும் விளங்காது. இருவரும் விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சுற்றவேண்டும். இதற்கும் அவளுடைய வகுப்பில் இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. சொன்ன விசயத்துக்கு "ஓம், விளங்கிச்சு" என்று மற்றவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கக்கூடாது. அதற்கும் பெயர் இருக்கிறது. எங்களிடம் பெயர்தான் இல்லை.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஆருக்கு அடித்தாலும் எல்லோரும் தூக்குவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். ஸ்டோர்கீப்பரின் மகளுக்கு வந்த சம்பந்தம் குழம்பியது, கேற்காரருக்கு மூலவியாதி, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நானும் யோக்கியம் இல்லை. வேலையே கேட்கிற வேலை என்று எனக்கு ஒரு சாட்டு இருந்தது, அவ்வளவுதான். சீஃப் கிளாக்குக்கு இழுப்பு, அந்த ஈளைச் சத்தம் கேட்கும். ஸ்டோரில் றேடியோ. வேர்க்‌ஷொப்பில் அரம் ராவுகிற சத்தம். பெற்றோல் கொட்டிலில் ஒருவர் ஓயாமல் மூக்குறிஞ்சுவார். ஆர் ஆர் தூக்கியிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

இதில் ஒரு விசயம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். அந்த மாதிரிக் கம்பியில் ஒவ்வொருவர் தூக்கத் தூக்கக் குரல் குறைந்துகொண்டே போகும். இருக்கிறது ஒரு சட்டி கஞ்சிதான், ஏழு பேர் வந்தால் ஏழு பங்கு. மணி அடிப்பதும் அப்படியே, தூக்கியபடி ஆட்கள் இருந்தால் நோஞ்சானாக அடிக்கும். இன்னொன்று. ரிசீவரை வைத்தால் "டக்" என்று கேட்கும். பேச்சு நடக்கும்போது வைத்தால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது வெளியே வந்துவிடும். அதனால் ஒருவரும் வைக்கமாட்டார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வைப்பார்கள். கும்பலில் வைத்தால் மானம் போகாது.

சலீம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்) ஜெற்றி முனையில் சாமான் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். மூதூர் ஆள். வயது நாற்பது இருக்கும், அதிகம் கதைக்கமாட்டார். தகப்பன் இல்லை. தாய் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில். ஒவ்வொரு வெள்ளியும் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய் உம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். போனில் தன் காரியம் ஒன்றும் பேசாத ஒரே மனுசன் அவர்தான்.

ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு மூதூரில் ஒரு கடையிலிருந்து அவருடைய மச்சான் வெளிப்போனில் என்னை எடுத்தார். "உம்மா மௌத்தாப் பெய்த்தாங்க. அசரோட அடக்கம். சலீம் நானாவ ஒரு மணி லோஞ்சில ஏத்தி விடுங்க தங்கச்சி" என்றார். அசர் என்றால் பின்னேரம் மூன்றரை மணித் தொழுகை; முஸ்லிம் ஆட்கள் மையத்தை, அதுதான் பிரேதத்தை, வைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். ஒரு மணி லோஞ்சை விட்டால் அடுத்தது நாலு மணிக்கு. தரையால் போவதென்றால் துறைக்குத் துறை ஆறு கடத்துகிற பாதைப் படகுக்குக் காத்துநின்று இருட்டிவிடும். ஒரு மணி லோஞ்ச், இல்லாவிட்டால் தாயின் முகமில்லை.

இரண்டு நீளம், ஒரு கட்டை. சுற்றினேன். நானா எடுத்தார். "சொல்லுங்க தங்கச்சி" என்றார், குரல் நல்லாகத்தான் இருந்தது. "நானா, உங்கடை வீட்டிலையிருந்து ஒரு செய்தி" என்றேன். அவ்வளவுதான். வீட்டுச் செய்தியென்றால் விடுவார்களா? றேடியோ வந்தது. அரம் வந்தது. ஈளை வந்தது. மூக்குறிஞ்சல் வந்தது. கேற் லொறிச் சத்தத்தோடு வந்தது. நானாவின் குரல் கிணற்றுக்குள் போனது.

"உம்மா மோசம் போயிட்டாவாம்" என்று கத்தினேன்.

"கேக்குதில்ல தங்கச்சி."

"மற்ற ஆக்கள் தயவுசெய்து வையுங்கோ. இது சாவு விசயம்."

ஒரு டக் கூட இல்லை. ஐந்து பேரின் மூச்சு மட்டும் கேட்டது. செத்தவீட்டில் பந்திக்கு முந்துகிறவர்களுக்குக்கூட இதைவிட வெட்கம் இருக்கும்.

"ஒண்டும் கேக்குதில்ல. பொறகு எடுங்க" என்று சொல்லி நானா வைத்துவிட்டார். மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. கொஞ்சம் கழித்துச் சேர்ந்து விழுந்தன. திரும்பச் சுற்றினேன். முழுதாக அடிக்க முன்னமே திரும்பத் தூக்கினார்கள். ஜெற்றியில் மணி அடித்ததோ இல்லையோ, நானா எடுக்கவில்லை.

சீஃப் கிளாக் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன பிள்ளை, ஏன் சத்தம் போடுறீர்?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, பால்குடிப் பிள்ளையின் முகம் மாதிரி ஒன்றும் அறியாத முகம். நானும் ஒன்றும் அறியாதவள் மாதிரி, உம்மா, அசர், லோஞ்ச் என்று முழுவதையும் முதலிலிருந்து சொன்னேன். "அப்பிடியோ, அடடா" என்றார். "பியோன் வரட்டும், அனுப்புவம்" என்றார். பியோன் எங்கே? அவருடைய வீட்டுக்குச் சாப்பாட்டுக் கரியர் எடுக்கப் போயிருந்தான்.

நான் ஓடியிருக்கலாம். ஜெற்றி முனை அரை மைல்தான். அல்லது திரும்பச் சுற்றி, "ஸ்டோர்கீப்பர் ஐயா, நீங்கள் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறியள், போய்ச் சொல்லுங்கோ" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஸ்டோரிலிருந்து வின்ச் கொட்டில் கல்லெறி தூரம். ஆனால் ஸ்டோர்கீப்பரைச் சொன்னால் சீஃப் கிளாக்கையும் சொன்ன மாதிரி. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் நாலு வாய் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பியோன் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால். பிறகு நானாவே சொன்னார்: "அந்த லோஞ்ச் முன்னால போகக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சிட்டு அதப் பார்த்துட்டு நிண்டனான். ஸ்டோர்கீப்பர் ஐயாவும் பக்கத்துல வந்து நிண்டார். ஒரு சிகரெட்டும் தந்தார்." செத்தது உன் தாய் என்று சொல்ல வாய் வரவில்லை, சிகரெட் கொடுக்கக் கை வந்திருக்கிறது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்களே. ஐந்து பேருக்குத் தெரிந்த சாவு, பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

நானா நாலு மணி லோஞ்சில் போனார். கபுறடியில், தாயை அடக்கிய இடத்தில், மண் ஈரமாக இருந்ததாம்.

செய்தி ஏன் பிந்தியது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். சீஃப் கிளாக் சொல்லச் சொல்ல நான் ரைப் அடித்தேன். லைன் பழுது காரணமாகத் தகவல் சேரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தக் கடுதாசியில் கையெழுத்து வைத்தது நான். லைன்மன் வந்து பார்த்தார். பழுதென்று ஒன்றுமில்லை, சும்மா போகக் கூடாதென்று பற்றரியை மாற்றிவிட்டுப் போனார்.

ஒரு கிழமை கழித்து நானா என் மேசைக்கு வந்தார், கையில் மூதூர்த் தயிர்ச் சட்டி ஒன்றோடு. கந்தோருக்கென்று கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, லைன் பழுது எண்டு எழுதியிருக்காம். மெய்தானா?"

அரைக்கதவுக்குப் பின்னால் ஈளைச் சத்தம் நின்றது.

"ஓம் நானா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ். நான் ஆக்களப் பிழையா நினைச்சிட்டன் தங்கச்சி. அறிஞ்சு வச்சுக்கொண்டு சொல்லாம விட்டாங்களோ எண்டு ஏழு நாளும் மனசுக்குள்ள ஏசினன். ஸ்டோர்கீப்பர் ஐயாவத்தான் கூட. அவரிட்ட ஒரு மாப்புக் கேட்டுட்டுப் போறன்."

போய்க் கேட்டார். "பரவாயில்லை சலீம்" என்றாராம் அந்தப் பெரிய மனுசன். மத்தியானம் எல்லோரும் தயிர் சாப்பிட்டோம். நானும்தான்.

இப்போது அந்தக் கம்பி இல்லை. கந்தோர் இல்லை, ஜெற்றி முனைக்கு எங்களைப் போன்றவர்கள் போகவும் ஏலாது. பாலங்கள் வந்தபிறகு மூதூருக்கு லோஞ்சைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சீஃப் கிளாக் கொழும்பில் மகன் வீட்டில் செத்தார். ஸ்டோர்கீப்பரும் போய்விட்டார், அவருடைய செத்தவீட்டுக்கு நானா வந்து அழுதார் என்று சொன்னார்கள். பிறகு நானாவும் மௌத்தானார். அதற்கிடையில் எத்தனை வருசம், சந்தையில் எத்தனை தரம் கண்டு சுகம் விசாரித்திருப்பேன். சொல்லவில்லை. ஏழு பேரில் மிச்சம் நான் ஒருத்தி. அந்தச் சாவுக்காக ஆரிடமாவது மன்னிப்புக் கேட்டவர் எங்களுக்குள் அந்தத் தாயின் மகன் மட்டும்தான்.