என் மனைமேல் ஒரு நீலக்கோடு

எங்கள் அலுவலக ஊழியர் வீட்டுச் சங்கம் ஹைதராபாத்துக்குக் கிழக்கே வாங்கவிருந்த நிலத்துக்கு மேப் போடும் வேலை என்னிடம் வந்தது. அதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய மனையில் சமையலறை எந்தப் பக்கம் என்பதுவரை என் கணவர் தீர்மானித்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம். பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் விமானப் போட்டோக்களைப் பார்த்து வரைபடம் தயாரிப்பது என் தொழில். அதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

போட்டோ மே மாதம் எடுத்தது. நிலம் வறண்டு கிடந்தது. ஒரே இடத்தின் இரண்டு போட்டோக்களை ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். பார்த்தேன். நீளமாக வளைந்த ஒரு கரை, அதன் கோடியில் தண்ணீர் வழிய ஒரு திறப்பு. அது ஏரி. எங்கள் மனை அதன் நடுவில்.

மறுநாளே ஃபீல்டுக்குப் போனேன். கரையோரக் குடிசைச் சுவர்களில் மீன்வலைகள் தொங்கின. வலை பின்னிக்கொண்டிருந்த யாதய்யா தூரத்து வேப்பமரத்தைக் காட்டினார். மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை வருமாம். "இங்கே வீடு கட்டினால் நாங்கள் எங்கே மீன் பிடிப்பது?" என்று தெலுங்கில் கேட்டார். திரும்பி வந்து வேப்பமரம்வரை ஏரி என்று நீலக்கோடு போட்டேன்.

சங்கச் செயலாளர் ராமசேஷன் என் மேலதிகாரியும்கூட.

"என்னம்மா சாவித்திரி, போட்டோல தண்ணியே இல்லியே! காலி நிலம்னு போட்டுட்டுப் போயேன்."

"மே மாசம் நம்ம குழாய்லயும்தான் தண்ணி வரல சார். அதுக்காக வீட்டுல குழாயே இல்லேன்னு சொல்வீங்களா?"

"உன் மனையும்னா போறது!"

"ஹவ் சார், ஆமா, முதல்ல அதுதான் போகுது. ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு மழை பாத்துடுங்க."

மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. வீட்டில் கணவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலித்தது. ஆனால் கோட்டை நான் அழிக்கவில்லை.

ஆகஸ்டில், பதிவுக்கு முன், சங்கக் கமிட்டியோடு ஜீப்பில் போனோம். வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. அதற்குமேல் தண்ணீர். யாதய்யா வலை வீசிக்கொண்டிருந்தார். ராமசேஷன் என் மேப்பை வாங்கி விரித்துப் பார்த்தார்.

சங்கம் மேட்டு நிலத்தை மட்டும் வாங்கியது. எல்லார் மனையும் சுருங்கியது; எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். ஏரியைப் பார்த்த வீடு ராமசேஷனுக்கு வாய்த்தது. விருந்தாளிகளை மாடிக்கு அழைத்துப் போய், "எப்படி நம்ம ஏரி?" என்று கேட்பார்.

மேப் போட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வற்றிய மாதத்திலும் ஏரியை ஏரி என்றே வரையுங்கள், உங்கள் வீடு அதற்குள் இருந்தாலும்.