கமலை மாட்டைத் திருப்பிவிட்டவன்

அந்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டைத் திருப்பிவிட்டது நான்தான். பதிப்பக வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

முத்துலட்சுமி பெங்களூர் அல்சூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்துக் கரிசல் கிராமத்தில் நடக்கும் கொலைக் கதைதான் அவருடைய முதல் நாவல். எழுத எழுத ஒவ்வொரு அத்தியாயமாக அனுப்புவார். நான் எங்கள் பதிப்பகத்தின் மல்லேஸ்வரம் ஆபீஸில் உட்கார்ந்து எடிட் செய்வேன்.

கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிறவனை ஒருவன் கொன்றுவிடுகிறான். பிறகு விடியும்வரை தானே மாட்டை ஓட்டுகிறான். உருளைச் சத்தம் கேட்கிற ஊரார், ஆள் உயிரோடு இருப்பதாக நினைக்க வேண்டுமே! கடைசி அத்தியாயத்தில் ஊர்க்காவல் தலையாரி குளம்புத் தடம் பார்த்துப் பிடித்துவிடுகிறார். "மாடு திரும்பியிருக்கு. கமலை தெரிஞ்சவன் மாட்டைத் திருப்ப மாட்டான்."

கமலை மாடு சரிவில் இறங்கித் தண்ணீர்ப் பையை மேலே இழுக்கும். பிறகு திரும்பாமல், பின்னுக்கு நடந்தே மேடேறும். சாகப்போகிறவன் கமலை இறைக்கும் மூன்றாம் அத்தியாயத்தில் முத்துலட்சுமி அப்படித்தான் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்க்கெட்டில் கீரைக்கட்டைப் பிடுங்கும் மாடு. அது பின்னுக்கு நடந்து நான் பார்த்ததில்லை. ஏதோ கவனப்பிசகு என்று நானே முடிவுகட்டி, 'மாடுகள் திரும்பி மேடேறின' என்று மாற்றினேன். கடைசி அத்தியாயம் ஐந்து மாதம் கழித்து வந்தபோது அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஃபைல் அச்சுக்குப் போன மறுநாள் காலை முத்துலட்சுமி போன் செய்தார். ஃபைனல் பிடிஎஃப்பை அப்போதுதான் படித்திருக்கிறார்.

"சார், சாகப்போற ஆளே மாட்டைத் திருப்புறாரே?"

"மாடு பின்னாடி நடக்குமா மேடம்?"

"கமலை மாடு நடக்கும் சார். எங்கப்பா ஓட்டுனதப் பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல வெளியீடு. முன் வரிசையில உக்காரப்போறது பூராம் கமலை ஓட்டுனவங்க."

செத்தவனும் மாட்டைத் திருப்புகிறவன் என்றால் தலையாரி கண்டது துப்பே இல்லை. நாவலையே கொன்றுவிட்டேன். லிங்கராஜபுரம் பிரஸ்ஸுக்குப் போன் அடித்தால் மெஷின் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். வழியில் சிக்னலுக்குச் சிக்னல் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழையும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சேவியர், நிறுத்துங்க!"

ஃபோர்மேன் சேவியர் நிதானமாக ஸ்விட்சை அணைத்தார். "இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது? இப்ப ஓடுறது மொதல் பாரம், பதினாறு பக்கம். உங்க மூணாவது அத்தியாயம் ரெண்டாவது பாரத்துல கீது. அதுக்குப் பிளேட்டே இன்னும் மாட்டல."

அப்பாடா! பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சேவியர் டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. முத்துலட்சுமியைக் கூப்பிட்டு, அவருடைய பழைய வாக்கியத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதி, புதுப் பிளேட்டுக்குக் கொடுத்தேன்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "தெரியாதது தப்பில்ல சார். ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா நானே பின்னால நடந்து காட்டியிருப்பேன்."

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் நானே அடித்துத் திருத்துவதில்லை. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, எழுதியவரைக் கூப்பிடுகிறேன். முத்துலட்சுமியின் இரண்டாவது நாவல் மேஜையில் இருக்கிறது. நாற்பது பக்கத்துக்குள் பதினோரு தடவை கூப்பிட்டாயிற்று. பதினோரு தடவையும் அவர் எழுதியதுதான் சரி.