ஒன்பதாவது கட்டை

ஊசி தோலைத் தொடும் நொடியில்தான் லினெட் பிராடி அந்தக் கேள்வியைக் கேட்பார். "சின்ன வயசுல கட்டை அடுக்கி விளையாடினியா கண்ணு? எந்த செட்டு?"

சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஆள் ஒரு கணம் முழிப்பார். பிறகு கண் மெல்லக் கூரைப் பக்கம் போகும். "தீயணைப்பு வண்டி. ஏணி நீளும். அதுல ஒரு சக்கரம்..." சக்கரம் என்ன ஆனது என்று யோசித்து முடிப்பதற்குள் மூன்று குழாய் நிரம்பி, பஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியாகிவிடும். "ஆச்சு, கிளம்பு. அந்த வண்டி இப்ப எங்க இருக்கு?"

பர்னி என்ற துறைமுக ஊரில், மருந்துக்கடைக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில், இருபத்திரண்டு வருடமாக அவர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பதை மறந்துவிடுவார். மறந்துவிட்டதாகச் சொல்வார். யார் வீட்டுப் பரணில் எந்தப் பெட்டி கிடக்கிறது என்பது மட்டும் மறக்காது. "ஃபாரத்துல இருக்கற போன் நம்பரைத் தொடவே மாட்டேன். வேலை போயிடும். ஆனா மீன் கடையில எதிர்ல வந்தா அந்தப் பெட்டியைக் கேக்காம விடமாட்டேன்" என்கிறார். மீன் கடையில் அவரைக் கண்டதும் சிலர் வரிசை மாறி நிற்பதுண்டு.

வயது ஐம்பத்தைந்து. குட்டையான உருவம், நரைத்த கிராப்பு. கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடியின் ஒரு காது கழன்று, அதில் பழைய விண்வெளி செட்டின் குட்டி ஆன்டெனா ஆணிபோல் செருகப்பட்டிருக்கிறது. கண்ணாடிக் கடையில் இலவசமாகவே மாற்றித் தருகிறேன் என்றார்களாம். வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டில் கார் பதினொரு வருடமாக மழையில் நிற்கிறது. கராஜ் முழுக்க, ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். காலியான ஐஸ்கிரீம் டப்பாக்களில், தூண்டில் பெட்டிகளில், ஒரு பழைய பல் டாக்டரின் இழுப்பறை அலமாரியில் எல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிரிப்பது நிறத்தை வைத்து அல்ல, வடிவத்தை வைத்து. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் நிறத்தால் பிரித்துக்கொண்டு வந்தால் அவருக்கு முகம் சுருங்கும். "கறுப்புக் குவியல்ல கறுப்பு ஆணியைத் தேடிப் பாரு. சாயங்காலம் வரைக்கும் தேடுவே."

பழைய சாமான் கடையில் டப்பாவைத் திறக்க மாட்டார். காதருகே வைத்து ஒரு குலுக்கு. அசல் கட்டைகள் சலசலவென்று சிரிக்குமாம், போலிகள் தகரம்போல் இருமுமாம். கணவர் ராஸ் ஒருநாள் சோதித்துப் பார்த்தார். ஆறு டப்பாவில் ஆறையும் சரியாகச் சொன்னார் லினெட். "முப்பது வருஷமா இவகூடக் குடும்பம் நடத்துறேன். என் குரல் மாறினா இவளுக்குத் தெரியாது. ஜலதோஷமான்னுகூடக் கேட்டதில்ல" என்று ராஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பஸ் ஓட்டுகிறார். பயணிகளுக்கும் இது தெரியும்.

ஜன்னல் மேடையில் ஒரு ஜாம் பாட்டில். அதில் நாற்பது ஐம்பது குட்டித் தலைக்கவசங்கள், எல்லாமே தாடைப் பட்டையில் விரிசல் விட்டவை. அந்தக் காலத்து விண்வெளி மனிதனின் கவசத்தில் அந்தப் பட்டை மெல்லியது. நூறு தடவை மாட்டிக் கழற்றினால் உடையும். சேகரிப்பவர்கள் உடைந்ததைத் தொட மாட்டார்கள். லினெட் ஒட்டவும் மாட்டார், எறியவும் மாட்டார். "உடையாம இருந்தா அந்தப் புள்ளை பொம்மையை அலமாரியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு, பாவம்."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பழைய விண்வெளி செட்டு வரிசை மறுபடி கடைக்கு வர வேண்டும். அதே நீலம், அதே சாம்பல், மஞ்சள் கண்ணாடி போட்ட அதே கலங்கள். பதினைந்து வருடமாக, வருடத்துக்கு ஒரு கடிதம், கட்டை செய்யும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு. கடைசிக் கடிதத்தில் எட்டுக் கோரிக்கைகள். கறுப்பு அட்டைப்பெட்டியில் போட்டுப் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அச்சடிக்காதீர்கள் என்பது மூன்றாவது. துப்பாக்கி வைக்காதீர்கள் என்பது முதலாவது. "எங்க ஆளுங்க யாரையும் சுடல. நிலாவுல இறங்கினாங்க, சிரிச்சுக்கிட்டே கல்லு பொறுக்கினாங்க, வண்டியில போட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவன் எல்லாம் முறைக்கிறான்." உங்கள் யோசனைக்கு நன்றி என்று பதினைந்து பதில்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே வாசகம். கையெழுத்து மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவரே அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார். எட்டாவது பிறந்த நாளுக்கு விண்கலம் கேட்டார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே சமையலறை. வெள்ளை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேசை, அதன் பின்னால் பின்னல் போட்ட ஒரு பொம்மை அம்மா. விண்கலம் அதே வருடம் அண்ணனுக்குப் போனது. "நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அடுப்புக் கதவைப் பிச்சு, நானே கட்டின ராக்கெட்டுக்கு வாசல் வெச்சேன். அம்மாவை உள்ள உக்கார வெச்சேன். அனுப்பிட்டேன்." இதைச் சொல்லும்போது கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னதாக.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் ஊர்க் கட்டை மன்றம் கூடும். இடம், புல்வெளிப் பந்துக் கழகத்தின் பின்கூடம். உறுப்பினர்கள் பதினேழு பேர். இறால் படகுக்காரர், தச்சர், இரண்டு ஆசிரியர்கள், பல்பொருள் அங்காடிக் காசாளர் என்று கலவையான கூட்டம். மன்றத்தில் இரண்டு கட்சிகள். லினெட்டின் விண்வெளிக்காரர்கள் ஒரு பக்கம். பள்ளிக் கணக்கு வாத்தியார் கிரேம் தலைமையில், பழைய கோட்டை வரிசையும் குதிரை வீரர்களும் திரும்ப வர வேண்டும் என்கிறவர்கள் மறுபக்கம். அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் பொம்மைச் சண்டை என்று தோன்றாது.

"உன் ஆளு குதிரைக்குச் சேணம் கட்டறதுக்குள்ள என் ஆளு நிலாவுக்குப் போய் டீ குடிச்சிட்டு வந்துருவான் கிரேம்."

"டீ குடிச்சிட்டு எங்க போவான்? உன் கலத்துல கக்கூஸ் கிடையாது."

"உன் கோட்டையில இருக்கா? காட்டு, பார்ப்போம்."

கிரேம் மறுமாதம் கோட்டைச் சுவரில் ஒரு கழிப்பறை கட்டிக்கொண்டு வந்துவிட்டார், கதவோடு.

இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர் ஒரே ஒருவர். கெல்வின் ஸ்டர்ஜஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கதவைக் கடக்கும்போது குனிவார். அவரை மன்றத்துக்குக் கொண்டுவந்தது லினெட்டின் ஊசிதான். ஒன்பது வருடத்துக்கு முன் கையை நீட்டி உட்கார்ந்தவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான்காவது குழாய் நிரம்பும்போதுதான் பதில் வந்தது. "எங்கக்காங்களோட சமையக்கட்டு. அடுப்பு, தொட்டில், சோபா எல்லாம் இருக்கும். என்னைத் தொட விடமாட்டாங்க."

லினெட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உலகத்திலேயே தனக்கு வேண்டாத ஒரு பெட்டி, அதை வேண்டும் என்று ஏங்க இவ்வளவு பெரிய ஆளா! அடுத்த கூட்டத்தில் அதை எல்லோருக்கும் சொன்னார். அதற்கடுத்த கூட்டத்துக்குக் கெல்வினே வந்தார், ஒரு துணிப்பையில் தன் கட்டைகளுடன். அன்றிலிருந்து அவருக்கு 'அடுப்பு' என்று பெயர். "அடுப்பு வந்தாச்சா?" "அடுப்பு, உன் வாணலியைத் தள்ளி வை, கோட்டை வருது." கெல்வின் தள்ளி வைப்பார். கண்காட்சிகளில் அவர் மேசையில் கட்டைகளால் கட்டிய ஒரு பழைய வீட்டுக் கூடம் இருக்கும். தொட்டில் ஆடும், கடிகாரத்தின் பெண்டுலம் அசையும், அலமாரிக்குள் மடித்த துணிகள்கூட உண்டு. அதன் முன்னால் கூட்டம் நிற்கும். மன்றத்து ஆட்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

மன்றத்தில் வருடத்துக்கு ஒரு வாக்கெடுப்பு. எந்தப் பழைய வரிசை திரும்ப வர வேண்டும் என்று முடிவு செய்து எழுதி அனுப்புவார்கள். சீட்டு, கைதூக்கல் எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கட்டை. ஒரு சாம்பல் பலகையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இடம். ஒருவர் பின் ஒருவராகப் போய் அழுத்திவிட்டு வர வேண்டும். உயரமான கோபுரம் ஜெயிக்கும். இரண்டு கோபுரம் சமமாக நின்றால் போன வருடத்து முடிவே செல்லும். கெல்வின் வந்த பிறகு எட்டு வருடமும் ஓரத்தில், சமையலறைக்கான இடத்தில், ஒற்றைக் கட்டை ஒன்று தனியாக நின்றிருக்கிறது. எட்டு வருடமும் அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் லினெட்.

இந்த வருடம் விஷயம் பெரிது. கம்பெனியே கேட்டிருந்தது. உலகத்திலுள்ள பதிவுபெற்ற மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு வரிசையின் பெயரை அனுப்பலாம், அதிகம் பேர் கேட்டது மீண்டும் தயாராகும், இப்படி ஒரு கணக்கெடுப்பு இனி இருக்காது என்று. லினெட் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்கிறார் ராஸ். போன வருடம் ஜெயித்தது கோட்டை. அதனால் சமமாக நின்றால்கூடக் கோட்டைதான் போகும்.

போன மாதக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் தட்டைக்கூட யாரும் தொடவில்லை. லினெட் முதல் ஆளாகப் போய்த் தன் கட்டையை அழுத்தினார். பிறகு கை கட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கோட்டை நான்கு, விண்வெளி மூன்று. கோட்டை ஆறு, விண்வெளி ஏழு. கிரேம் கடைசிக்கு முந்தியவராக வந்து தன் கட்டையை வைத்தபோது எட்டுக்கு எட்டு. மிச்சம் கெல்வின்.

"சரி, அடுப்பு வழக்கம்போல ஓரத்துல. சமம். கோட்டை" என்றார் கிரேம். பேனாவைத் திறந்துவிட்டார்.

கெல்வின் எழுந்து வந்தார். கட்டையை விண்வெளிக் கோபுரத்தின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். டக்.

விண்வெளிப் பக்கத்தில் நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ லினெட்டின் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. பதினைந்து வருடம். கெல்வினின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"அடுப்பு! என்னடா பண்ணின நீ? சமையக்கட்டு வேணாமா?"

"வேணுந்தான்" என்றார் கெல்வின். "ஒத்த ஆளுக்காக யாரு செய்வா? உனக்காவது கிடைக்கட்டும் லின்." லாமிங்டன் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தவர் வாயில் தேங்காய்த் துருவலோடு சேர்த்துச் சொன்னார், யாரையும் குறை சொல்லும் குரலில் இல்லாமல்: "ஒருநாள் அந்தத் தொட்டிலை எடுத்து வெச்சுக்கிட்டு ஆட்டினேன்னு எங்கப்பா பெல்ட்டால அடிச்சாரு. நீங்கல்லாம் சிரிக்கிறதோட சரி. சிரிப்பு பரவால்ல, பழகிடுச்சு."

விண்வெளிப் பக்கத்தில் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு இது காதில் விழவில்லை. லினெட்டுக்கு விழுந்தது. அவர் பலகையைப் பார்த்தார். ஓரத்தில் வழக்கமாகக் கெல்வினின் கட்டை நிற்கும் இடத்தில் வெறும் சாம்பல் குமிழ்கள்.

"எழுதிக்கறேன் லின்" என்றார் கிரேம், தோற்றவரின் மரியாதையோடு. "விண்வெளி, ஒன்பது."

"இரு."

லினெட் கோபுரத்தை ஒரு கையால் பிடித்தார். மறு கையின் நகத்தை உச்சிக் கட்டைக்கு அடியில் கொடுத்தார்.

"லின், என்ன பண்ற?" அவர் கட்சியில் ஒரு பெண் கத்தினாள். "அது அவனா வெச்சது!"

"அவனா வெக்கல."

கிரேம் எழுந்து நின்றார். கோட்டைக்காரர்தான், ஆனாலும் கணக்கு வாத்தியார். "எடுத்தா எட்டுக்கு எட்டு லின். எங்களுதுதான் போகும். யோசிச்சுக்கோ."

"எனக்கும் எண்ணத் தெரியும் கிரேம். நீ உக்காரு."

கிரேன் ஓட்டுகிறவரின் விரல் அழுத்திய கட்டை. லேசில் வரவில்லை. நகம் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை ஓரம் கிளம்பி, சின்னச் சத்தத்தோடு கழன்று வந்தது. கை தட்டல் நின்றிருந்தது. லினெட் கூடத்தின் கடைசி வரை நடந்து போய், கெல்வினின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டையை, குமிழ்கள் மேலே பார்க்க, வைத்தார்.