வண்டி நிற்கும்வரை

வயலினின் தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருக்கிறாள். முதியோர் இல்லத்துக்கு வந்தால் சுருதியை நன்றாக இறக்கிவிடுவாள். சுருதி மேலே போனால் அங்கிருப்பவர்கள் மாட்டியிருக்கும் காதுக்கருவிகள் கீச்சிடும். "நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு பேர் காது விசிலடிக்குது. அதுக்குக் கைதட்டல் வேற!"

வயது இருபத்திரண்டு. வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகு மாட்டும் வேலை. சனிக்கிழமை மாலைகளில் இங்கே, கூலி வாங்காமல். "வீட்ல வாசிச்சா அண்ணன் கதவைச் சாத்துறான். இங்கதான் தொறந்து வைக்கிறாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலால் தரையைத் தட்டித் தாளம் போடுவாள். பாட்டு முடியும் நொடியில் வில்லை மீன் துள்ளுவதுபோல் மேலே வீசி எடுப்பாள். அந்த வீச்சில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

போன வாரம் அதுதான் வினையாயிற்று.

முன்வரிசை அம்மாள் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். நினைவு தேய்ந்துவிட்டது. வேகமான பாட்டு கேட்டால் அவர் மனதில் வண்டி கிளம்பிவிடும். எழுந்து, காலை அகட்டி, வரிசை வரிசையாக டிக்கெட் கேட்டுக் கை நீட்டுவார். அன்று வில் மேலே பறந்தது, பாட்டு அறுந்தது. பிரேக் போட்ட வண்டியில் நின்றவர்போல் முன்னால் சாய்ந்து விழுந்தார். மணிக்கட்டில் இன்னும் கட்டு.

மேற்பார்வையாளர் அம்மா இன்று கதவருகே நிற்கிறார். "இன்னொரு தடவை யாராவது விழுந்தா உன் கச்சேரிக்கு மங்களம் பாடிடுவேன். பாத்துக்கோ."

"மெதுவாவே வாசிக்கிறேன், மேடம்."

இரண்டு பாட்டு மெதுவாகவே போயிற்று. "என்னம்மா, எழவு வீடா இது?" என்றார் ஜன்னலோரத் தாத்தா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் அவளைக் கேட்காமல் வேகம் பிடித்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

"டிக்கெட்... டிக்கெட் எடுங்க."

தாத்தா கைக்குட்டையை நீட்டினார். "சீசன் டிக்கெட்டுங்க."

அம்மாள் கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. செவிலி ஓடிவந்து, தொட்டால் மிரண்டுவிடுவாரோ என்று ஓரடி தள்ளி நின்றாள். மேற்பார்வையாளர், "நிறுத்து!" என்றார்.

"நிறுத்தினா விழுந்துருவாங்க!" வயலினைத் தாடையில் அழுத்தியபடியே சொன்னாள். "ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன்."

கால் தட்டுவது தளர்ந்தது. ஒரு தட்டுக்கு ஓர் அடி. அம்மாளின் அடிகளும் குறுகின. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "வேகம் குறையுது. எல்லாரும் உக்காருங்க." திரும்பினார். நாற்காலிக்கு நான்கடி.

கடைசிச் சுரம். அதை இழுக்கத் தொடங்கியபோது முழு வில் இருந்தது. மூன்றடி மிச்சமிருக்கையில் பாதி வில். ஓரடி மிச்சமிருக்கையில் நான்கு விரற்கடைதான். வில் அவ்வளவு மெதுவாக ஊர்ந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கட்டுப் போட்ட கை நாற்காலியைத் தேடிப் பின்னால் காற்றில் துழாவியது.

சத்தம் தீர்ந்துவிட்டது. யாரோ கைதட்டத் தொடங்கினார். அவள் அசையவில்லை. அம்மாளின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளைப் பற்றி, முதுகு சாயும்வரை, வில்லின் நுனியைத் தந்தியிலிருந்து எடுக்கவே இல்லை.